கருமருந்து ரிவால்வரில் சுடத் தொடங்குபவர்களுக்கு

கருமருந்து என்னும் பழங்கால வெடிமருந்தால் இயங்கும் ரிவால்வரில் சுட விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது மருந்தைப் பற்றித்தான். எவ்வளவு போட வேண்டும், அளவு கூடிவிட்டால் துப்பாக்கி சிதறிவிடுமா, துப்பாக்கியின் அறையில் கொட்டும்போதே பற்றிக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். மருந்தின் மீது அச்சம் இருப்பது நல்லதே. ஆனால் இந்தத் துப்பாக்கியோடு சில காலம் பழகிய எவரைக் கேட்டாலும், தம்மை அதிகம் சோதித்தது மருந்து அல்ல என்றுதான் சொல்வார். நிப்பிள் என்ற சிறு குழாயின் மீது அமர்ந்து, அடித்தால் பொறி கிளப்பும் மிளகளவு கேப், அறைகளைத் தாங்கிச் சுழலும் உருளையின் அச்சில் காய்ந்துபோகும் கிரீஸ், சுட்ட அன்றே கழுவாமல் விட்ட குழல் ஆகிய மூன்றும்தான் புதியவர்களைச் சலிப்படையச் செய்து, ஆசையாக வாங்கிய துப்பாக்கியைப் பெட்டிக்குள் முடக்குகின்றன. ஆகவே இந்தப் பதிவில் அவற்றுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

இது தோட்டா போடும் துப்பாக்கி அல்ல. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கத்திலிருந்து மருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் கெட்டித்து, கடைசியாகப் பின்பக்க நிப்பிளில் கேப்பைப் பொருத்த வேண்டும். குதிரை எனப்படும் சுத்தியல் விழுந்து கேப்பை அடிக்கும்போது எழும் பொறி, நிப்பிளின் நுண்துளை வழியாக மருந்தைச் சென்றடைகிறது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரிவால்வரிலிருந்து வளர்ந்த இந்த முறை, உலோகத் தோட்டா வந்த பின்னரும் அங்கே சில ஆண்டுகள் நீடித்ததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. உருளையின் அறைகளை முன்னிருந்து பின்வரை முழுவதுமாகத் துளைக்கும் அமைப்புக்கு ரோலின் ஒயிட் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதைப் பயன்படுத்தும் உரிமம் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1869இல் அந்தக் காப்புரிமை முடியும்வரை மற்றவர்கள் முன்புறம் கெட்டிக்கும் ரிவால்வர்களையே பெரும்பாலும் செய்துகொண்டிருந்தார்கள். இன்று நாம் சுடுவது அந்தக் காலத்து மாதிரிகளின் நகல்களை.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள், ஏனெனில் பழைய துப்பாக்கிதானே என்ற எண்ணம் நாட்டுக்கு நாடு வேறு விதமாகக் காலை வாரிவிடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1968 முதல் இவ்வகை நகல்களைப் பழம்பொருள் வகையில் சேர்த்து, சாதாரணத் துப்பாக்கிகளுக்குரிய பல விதிகளிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனாலும் சில மாநிலங்கள் தங்கள் விதியில் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. பிரிட்டனில் 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டபோது முன்புறம் கெட்டிக்கும் ரிவால்வர்கள் அந்தத் தடைக்கு வெளியே நின்றன, எனினும் அவற்றுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் ஒற்றைக் குண்டுக் கேப் துப்பாக்கியைப் பதினெட்டு வயது நிரம்பியவர் உரிமமின்றி வாங்கலாம், ரிவால்வரை வாங்க முடியாது. மருந்து வாங்குவதற்குத் தனி அனுமதியும் தேவை. துப்பாக்கிக்கு ஒரு விதியும் மருந்துக்கு இன்னொரு விதியும் இருப்பது பல இடங்களில் வழக்கம் என்பதால் இரண்டையும் தனித்தனியே விசாரிப்பது அவசியம்.

எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்ற கேள்வி, சுற்றிச் சுற்றிக் கோல்டா ரெமிங்டனா என்பதில்தான் வந்து நிற்கும். கோல்ட் மாதிரிகளில் 1851 நேவி .36 விட்டத்தையும் (அங்குலக் கணக்கில்), 1860 ஆர்மி .44 விட்டத்தையும் உடையவை. இவற்றில் உருளைக்கு மேலே சட்டம் இல்லை. உருளை சுழலும் தடித்த அச்சுக்கம்பியின் முனையில் குழலைச் செருகி, குறுக்கே ஓர் ஆப்பைத் தட்டி இறுக்கியிருப்பார்கள். ஆப்பைக் கழற்றினால் துப்பாக்கி மூன்று துண்டுகளாகக் கையில் வந்துவிடும், கழுவுவதற்கு அது பெரிய வசதி. ரெமிங்டனில் உருளையைச் சுற்றி முழுச் சட்டகம் உண்டு. அதைப் பலரும் 1858 ரெமிங்டன் என்று அழைத்தாலும், அந்த ஆண்டு குழலில் பொறித்த காப்புரிமைக்குரியது. நியூ மாடல் ஆர்மி என்ற அந்தத் துப்பாக்கி 1863 முதல்தான் தயாரானது. அதில் நெம்புகோலைச் சற்றே இறக்கி அச்சுக்கம்பியை முன்னால் இழுத்தவுடன் உருளை பக்கவாட்டில் வெளியே வந்துவிடுகிறது.

முழுச் சட்டகம் வலிமையானது, குறி பார்க்கும் பள்ளம் சட்டகத்திலேயே அசையாமல் இருக்கிறது, கேப் துண்டுகள் உள்ளே விழுவதும் குறைவு. ஆகவே முதல் துப்பாக்கியாக ரெமிங்டனைப் பரிந்துரைப்பவர்களே அதிகம், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றும் உண்டு. ரெமிங்டனின் அச்சுக்கம்பி மெல்லியது, கிரீஸைப் பிடித்துவைக்கும் பள்ளங்களும் அதில் இல்லை. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பீறிடும் கரி நேராக அந்தக் கம்பியில் படிவதால், சில சுற்றுகள் சுட்டவுடனேயே உருளை இறுகி, குதிரையை ஏற்றக் கட்டைவிரல் திணறும். கோல்டின் அச்சு தடித்தது, அதில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களில் கிரீஸ் நிற்கும். நன்றாகப் பூசிவிட்டால் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். எனவே ரெமிங்டன் வாங்குபவர் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உருளையைக் கழற்றி, கம்பியையும் உருளையின் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும். அது அரை நிமிட வேலை.

பித்தளைச் சட்டகம் கொண்ட நகல்கள் விலை குறைவாகவும் கண்ணுக்கு அழகாகவும் இருப்பதால் புதியவர்களின் கை அங்கேதான் முதலில் நீளும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு நிலவிய தென் மாநிலங்களில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் போன்றோர் .36 விட்டத்தில் பித்தளைச் சட்டகத் துப்பாக்கிகளைச் செய்தது உண்மைதான். ஆனால் பித்தளைச் சட்டகத்தில் .44 நகலாக விற்கப்படுபவற்றில் பலவற்றுக்கு மூலமே கிடையாது. அவை குறைந்த மருந்தில் நீண்ட காலம் உழைக்கும், நிறைய மருந்து போட்டுச் சுட்டால் உருளையின் பின்முகம் சட்டகத்தில் பதிந்து பள்ளம் விழும், அச்சும் தளரும். எஃகுச் சட்டகத்தையே வாங்குங்கள். உபெர்ட்டி, பியெட்டா ஆகிய இரு இத்தாலிய நிறுவனங்களும் பிரேஷா பகுதியைச் சேர்ந்தவை. சந்தையில் கிடைக்கும் நகல்களில் பெரும்பங்கு இவ்விரண்டினுடையதுதான். இத்தாலியச் சோதனை நிலையத்தில் தேறிய துப்பாக்கியில் நட்சத்திரத்துக்குக் கீழே பிஎன் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கருமருந்தைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்று பொருள். பழைய துப்பாக்கியை வாங்குவதானால் அந்த முத்திரையைத் தேடுங்கள், குதிரையை மெதுவாக ஏற்றி ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள், நிப்பிள்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருவேறி அசைய மறுக்கும் நிப்பிள், முன்னவர் துப்பாக்கியை எப்படிக் கழுவினார் என்பதைச் சொல்லிவிடும்.

நேவியின் உருளையில் சிலர் கவனிக்காத ஓர் அழகு இருக்கிறது. 1843 மே 16 அன்று காம்பெச்சே கடற்பகுதியில் டெக்சஸ் கடற்படைக்கும் மெக்சிகோ கடற்படைக்கும் நடந்த மோதலை ஆர்ம்ஸ்பி என்ற செதுக்கர் வரைந்து, கோல்ட் நிறுவனம் அதை உருளையைச் சுற்றி உருட்டிப் பதித்தது. பெயர் நேவி என்றாலும், அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போனவர்கள் அல்லர்.

மருந்துக்கு வருவோம். வெடியுப்பு எழுபத்தைந்து பங்கும், கரி பதினைந்து பங்கும், கந்தகம் பத்துப் பங்கும் சேர்ந்ததுதான் கருமருந்து. அதை ஆலையில் செய்து விற்பதை மட்டுமே வாங்க வேண்டும். வீட்டில் கலக்கும் எண்ணம் எவருக்கும் வேண்டாம். குருணையின் அளவை எஃப் என்ற எழுத்தின் எண்ணிக்கையால் குறிப்பார்கள், எண்ணிக்கை கூடக் கூடக் குருணை சிறிதாகும். ரிவால்வருக்கு மூன்று எஃப் ஏற்றது. எல்லா இடங்களிலும் உண்மையான கருமருந்து கிடைப்பதில்லை என்பதால் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளும் புழக்கத்தில் உள்ளன. இவை பற்றிக்கொள்ள இன்னும் வலுவான பொறி தேவைப்படும் என்பதையும், டிரிபிள் செவன் கருமருந்தைவிட வீரியமானது என்பதால் அளவைச் சுமார் பதினைந்து விழுக்காடு குறைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவெல்லாம் எடையால் அல்ல, கொள்ளளவால்தான். கிரெயின் என்று பொறித்த சிறு பித்தளை அளவுக்குழாய், அத்தனை எடையுள்ள கருமருந்து பிடிக்கும் இடத்தைக் காட்டுகிறது. மாற்று மருந்தை அதே கோடுவரை நிரப்பினால் அதன் எடை குறைவாக இருந்தாலும் வேலை சரியாக நடக்கும். அதைத் தராசில் வைத்துக் கருமருந்தின் எடைக்கு நிகராக நிறுத்துப் போட்டால் அறையில் அளவுக்கு மீறிய மருந்து போய்விடும். .36 விட்டத்துக்குப் பதினைந்து முதல் இருபது கிரெயினும், .44 விட்டத்துக்கு இருபது முதல் இருபத்தைந்து கிரெயினும் குறி சுடுவதற்குத் தாராளம். இருபத்தைந்து கிரெயின் என்பது 1.6 கிராம்தான். துப்பாக்கியோடு வரும் கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. எஃகுச் சட்டக ரிவால்வரின் அறையில் கருமருந்தை அளவு மீறிப் போட இடமே குறைவு என்பதால்தான் மருந்தைப் பற்றிய அச்சத்தை மிகையானது என்கிறேன். அந்த நிம்மதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: தற்காலத் தோட்டாக்களில் உள்ள புகையிலா மருந்தை, எவ்வளவு சிறிய அளவிலும், எந்தக் காரணத்துக்காகவும் இந்தத் துப்பாக்கியில் போடக் கூடாது. அது உருளையைப் பிளந்துவிடும், கையோடு சேர்த்து.

குண்டு தூய ஈயத்தில் வார்த்ததாக, நகத்தால் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். அது அறையின் வாயைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது கட்டாயம். .36 என்று சொல்லப்படும் துப்பாக்கிக்கு .375 குண்டும், .44 துப்பாக்கிக்கு .451 அல்லது .454 குண்டும் வாங்குவது இதனால்தான். கெட்டிக்கும்போது அறையின் விளிம்பு குண்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஈய வளையத்தைச் சீவி எடுக்கும். அந்த வளையம் முழு வட்டமாக, அறுபடாமல் வந்தால் குண்டு அறையை நன்றாக அடைத்திருக்கிறது என்று பொருள். பாதி வட்டமாக வந்தாலோ வராமலே போனாலோ அடுத்த அளவு குண்டுக்கு மாறிவிடுங்கள்.

கெட்டிக்கத் தொடங்குவதற்கு முன் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, அறைகளிலும் நிப்பிள்களிலும் உள்ள எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். அதன் பிறகு வெற்று அறைகளில் கேப்பை மட்டும் மாட்டி, குழல் வாயைச் சுடுதளத்தின் புல்லுக்கு அருகே நீட்டி ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். புல் அசைந்தால் துளை திறந்திருக்கிறது, அசையாவிட்டால் உள்ளே எண்ணெய் அடைத்திருக்கிறது. குதிரையைப் பாதி ஏற்றத்தில் நிறுத்தினால் உருளை தடையின்றிச் சுழலும். குடுவையிலிருந்து மருந்தை முதலில் அளவுக்குழாயில் பிடித்து, குடுவையை மூடி அப்பால் வைத்துவிட்டு, பிறகு அளவுக்குழாயிலிருந்து அறைக்குக் கொட்ட வேண்டும். சுட்ட அறையில் கனன்றுகொண்டிருக்கும் ஒரு துகள் போதும் மருந்து பற்றிக்கொள்ள. எரிவது ஒன்றரைக் கிராமா, கையில் இருக்கும் குடுவை முழுவதுமா என்பதை இந்த ஒரு பழக்கம்தான் தீர்மானிக்கிறது.

குண்டை அறையின் வாயில் வைத்து, நெம்புகோலைச் சீராக அழுத்துங்கள், இடிக்க வேண்டியதில்லை. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததும் கைக்கு ஓர் உறுதி தெரியும், அதற்கு மேல் அழுத்தினால் ஈயம்தான் நசுங்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கக் கூடாது. மருந்து மிகக் குறைவாக இருப்பதால் நெம்புகோல் எட்டவில்லை என்றால் மருந்தின் மேல் சிறிது சமையல் ரவையைக் கொட்டி இடத்தை நிரப்புவார்கள். இதனால் குண்டு அறையின் வாய்க்கு அருகே நிற்பதோடு, குழலுக்குள் தாவும் தூரமும் குறைந்து குறி செம்மையாகிறது. ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் கெட்டித்து, காலியான அறையின் மீது குதிரையை இறக்கி வைப்பது பழைய வழக்கம். சுடுதளத்தில் நிற்பவருக்கும் அதையே சொல்வேன்.

அடுத்தது கிரீஸ். ஓர் அறை வெடிக்கும்போது அடுத்த அறையும் சேர்ந்து வெடித்துவிடும் சங்கிலி வெடிப்பைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் குண்டின் ஓரமாகத் தீ நுழைகிறது என்பது ஒரு சாரார் கருத்து. தளர்வாகப் பொருந்திய கேப் அதிர்ச்சியில் கழன்றுவிட, திறந்த நிப்பிள் வழியாகப் பின்னாலிருந்து நுழைகிறது என்பது மறுசாரார் கருத்து. இந்த வாதத்தில் யார் வென்றாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான்: சரியான அளவு குண்டும் இறுக்கமான கேப்பும். அதற்கு மேல், குண்டுக்கு அடியில் மெழுகு தோய்த்த கம்பளி வட்டு ஒன்றை வைப்பதோ, குண்டின் மேல் கிரீஸைப் பூசுவதோ கூடுதல் காப்பு. கிரீஸின் உண்மையான பயன் வேறு, அது கரியை மென்மையாகவே வைத்திருக்கிறது. தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த கலவை இதற்கு ஏற்றது. பெட்ரோலியத்திலிருந்து வந்த கிரீஸ் கருமருந்தின் கசடோடு சேர்ந்து தார் போல இறுகிவிடுவதாகப் பலரும் ஒதுக்குவார்கள். எனக்குக் கம்பளி வட்டுதான் பிடிக்கும், காரணம் கை சுத்தமாக இருக்கிறது. வெயிலில் குண்டின் மேல் பூசிய கிரீஸ் உருகி வழிவதும், முதல் வெடியிலேயே பக்கத்து அறைகளின் கிரீஸ் பறந்துபோவதும் பார்க்கச் சகிக்காது.

எல்லாம் முடிந்த பிறகுதான் கேப். சுடும் வரிசையில் நின்று, குழலை இலக்கை நோக்கி வைத்துக்கொண்டு பொருத்த வேண்டிய பொருள் அது. பத்து, பதினொன்று என்று இரண்டு அளவுகள் பொதுவாகக் கிடைக்கும். ஒரு நிறுவனத்தின் பத்து இன்னொரு நிறுவனத்தின் பத்தைப் போல இருப்பதில்லை என்பதால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி மொத்தமாக வாங்குவது வீண். சிறு பெட்டிகளாக இரண்டு மூன்று வகை வாங்கி, எது நிப்பிளின் அடிவரை இறங்கி, கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிறது என்று பாருங்கள். பெரியதாக இருக்கும் கேப்பை விரலால் நசுக்கி முட்டை வடிவாக்கி மாட்டுவது பரவலான வழக்கம்தான், ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக்கிக்கொள்ளாதீர்கள். கேப்பை இறுதியாக அழுத்துவதற்குக் கட்டைவிரலைப் பயன்படுத்தாமல் ஒரு மரக்குச்சியைப் பயன்படுத்துவது நல்லது. முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்தால் பழி கேப்பின் மீது வராது; நீங்கள் அதை முழுவதுமாக அமர்த்தவில்லை, முதல் அடி அந்த வேலையைச் செய்து முடித்தது, அவ்வளவே.

சிக்கலின் ஊற்றுக்கண் வெடித்த பிறகுதான் வெளிப்படும். வெடித்த கேப் மலர்ந்து, கிழிந்து, பாதி நிப்பிளிலும் பாதி வேறெங்கோவும் கிடக்கும். கோல்டில் அந்தத் துண்டு குதிரையின் முகத்தில் உள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் வந்து, குதிரைக்கும் சட்டகத்துக்கும் நடுவே விழும். அடுத்த முறை குதிரை முழுவதும் இறங்காது, அல்லது உருளை சுழலாது. அந்தக் காலத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டே குதிரையை ஏற்றி, துண்டைப் பின்னால் விழச் செய்ததாகச் சொல்வார்கள். இன்றைய சுடுதளங்களில் குழல் இலக்கை விட்டு விலகக் கூடாது என்பதால் அதைச் செய்ய முடியாது. குழலை முன்னோக்கியே வைத்து, கேப் மாட்டும் வெட்டு இருக்கும் வலப்பக்கமாகத் துப்பாக்கியைச் சாய்த்துக் குதிரையை ஏற்றினால் பெரும்பாலான துண்டுகள் தாமாக உதிர்ந்துவிடும். நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றுவிட்டாலும் பின்னோக்கி வரும் அழுத்தம் கூடிக் கேப் அதிகம் சிதறும். அவ்வாறான நிப்பிள்களை மாற்றிவிட வேண்டும், மருந்தைக் குறைப்பதால் பயனில்லை. கோல்ட் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்று புலம்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆலை நிப்பிள்களை எடுத்துவிட்டுத் தனியாக விற்கும் தரமான நிப்பிள்களைப் போடுங்கள் என்பதுதான்.

சுடும்போது விரல்கள் உருளைக்கு முன்னால் போகக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடையே பக்கவாட்டில் பீறிடும் தீயும் ஈயத் துகளும் தோலைக் கிழிக்கும், அதே காரணத்துக்காகப் பக்கத்தில் எவரையும் நெருங்கி நிற்க விடாதீர்கள். கண்ணாடியும் காதுக் காப்பும் கட்டாயம். கோல்டில் பின் குறி என்பது குதிரையின் உச்சியில் வெட்டிய சிறு பள்ளம்தான், குதிரையை ஏற்றினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். முன் குறி மிகத் தாழ்வாக இருப்பதால் இருபத்தைந்து மீட்டரில் குண்டு இலக்குக்கு மேலே பல அங்குலம் தள்ளி விழுவது இயல்பு. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் கீழே குறி வைத்துப் பழகுங்கள், பின்னர் உயரமான முன் குறியைப் பொருத்திக்கொள்ளலாம். குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது குழலை இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். தாமதமாகப் பற்றும் மருந்து அந்த நேரத்துக்குள் வெடித்துவிடும். வெடிக்காவிட்டால் புதிய கேப்பை மாட்டி மறுபடி முயலலாம்.

முன்புறம் கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான பன்னாட்டு அமைப்பான எம்.எல்.ஏ.ஐ.சி. நடத்தும் போட்டிகளில் இருபத்தைந்து மீட்டர் ரிவால்வர் பிரிவுக்கு மேரியெட் என்று பெயர். முப்பது நிமிடத்தில் பதின்மூன்று குண்டு, அவற்றில் சிறந்த பத்து கணக்கில் சேரும். ஒரு குண்டுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் கிடைக்கிறது என்பதிலிருந்து, இது அவசரப்படுபவர்களுக்கான துப்பாக்கி அல்ல என்பது விளங்கும். பயிற்சியையும் அந்த வேகத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கழுவுதல். கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது, அதில் பொட்டாசிய உப்புகள் நிறைய. அவை காற்றின் ஈரத்தை இழுத்து எஃகின் மேல் பிடித்துவைப்பதால் ஓரிரவில் துரு தொடங்கிவிடும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். தற்காலத் துப்பாக்கிகளுக்கு விற்கும் எண்ணெய் சார்ந்த கரைப்பான்களைத் தேய்த்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்களின் குழல்தான் முதலில் பாழாகிறது. மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழலையும் உருளையையும் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து தூரிகையால் தேயுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகத்தின் கைங்கரியம். நிப்பிள்களை அதற்குரிய சாவியால் கழற்றித் தனியே கழுவி, துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். வெந்நீரில் கழுவுவதன் லாபம், எஃகு சூடேறித் தானாகவே விரைவில் உலர்ந்துவிடுவதுதான். ஆனாலும் நிப்பிள் மரைகளிலும் உருளையின் அச்சுத் துளையிலும் ஈரம் ஒளிந்திருக்கும், துணியை உருட்டிச் செருகி எடுத்தால் தெரியும். மரைகளில் இறுகாமல் காக்கும் கிரீஸைத் தடவி நிப்பிள்களை மாட்டி, மற்ற இடங்களில் மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். சட்டகத்துக்குள்ளிருக்கும் விசைப் பகுதியை ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டியதில்லை, அதில் எண்ணெய் விட்டாலே போதும். ஆனால் சில முறை சுட்ட பிறகு பிரித்துப் பார்த்தால், அங்கே சேர்ந்திருக்கும் கறுப்புச் சேறும், எங்கே போயிற்று என்று தேடிய கேப் துண்டுகளும் கிடைக்கும்.

மருந்தை அது வந்த டப்பாவிலேயே, மூடி இறுக்கி, தீயும் வெப்பமும் அண்டாத இடத்தில், கேப்புகளிலிருந்து விலக்கி வையுங்கள். துப்பாக்கியைத் தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள், பதப்படுத்திய தோல் ஈரத்தைத் தாங்கி எஃகைக் கெடுக்கும். கழுவி இரண்டு நாள் கழிந்ததும் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் எண்ணெய் நனைத்துக் குழலுக்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வந்தால் கவலையில்லை, செம்பழுப்பாக வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான்.